கடைசித் தாள் இல்லாத புத்தகம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் சாலை விபத்தில் இறந்த அக்சா, சென்ற மே மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று, 1987இல் அச்சான ஒரு பேய்க்கதை காமிக்ஸின் மூன்றாம் பக்கத்தில் தலை சீவிக்கொண்டிருந்தாள். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் பின்னலின் நுனியைப் பல்லில் கடித்தபடி ரப்பர் பேண்டு தேடும் பெண் ராஜபாளையத்தில் வேறு எவளும் இல்லை என்பதால், அவள் அப்பா ஞானதுரைக்குச் சந்தேகமே வரவில்லை. நான்காம் பக்கத்தில் மேசைமேல் நாலு இட்லி மூடி வைத்தபடி இருக்க, அவள் சாப்பிடாமல் ஸ்கூட்டியை எடுத்தாள். பதினெட்டாம் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் லாரி வந்தது. அங்கிருந்து அறுபத்திரண்டாம் பக்கம் வரை லாரி ஓடிக்கொண்டே இருந்தது, ஓட்டியவன் முகம் நிழலில். அதற்குமேல் தாள் இல்லை.

தாள் இல்லாததற்குக் காரணம் பேய் அல்ல, வழக்கம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்களிலும் பழைய பேய்க்கதை, துப்பறியும் காமிக்ஸ்களைப் பொன்போல் காக்கும் பெரியமனிதர்கள் ஆறு பேர் உண்டு. எல்லோருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஒருவருக்கும் இருட்டில் தனியாகக் கொல்லைப்பக்கம் போகத் தைரியம் கிடையாது. மகாராஜபுரத்துக் கண்ணுச்சாமி இரவல் வாங்கிய எட்டுப் புத்தகங்களோடு திருப்பூருக்குக் குடிபோன நாளிலிருந்து, புத்தகம் கொடுப்பவர் கடைசித் தாளை ஸ்டேப்ளர் பின்னிலிருந்து கழற்றித் தன்னிடம் வைத்துக்கொள்வார். திருப்பித் தரும்போது அங்கேயே உட்கார்ந்து முடிவைப் படித்துவிட்டுப் போகலாம். இந்தப் புத்தகம் ஸ்ரீவில்லிபுத்தூர் வேல்சாமியுடையது. அவர் வீட்டில் இருந்தவரை அது பிணம் திருடும் ஒரு டாக்டரின் கதையாகத்தான் இருந்தது.

ஞானதுரை மில்லில் ஃபிட்டர். மகள் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போன வழியில் செத்தாள். அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதிப் போலீசார் கேஸ் கட்டை மூடிவிட்டார்கள். அதன்பிறகு அவர் இந்தப் புத்தகங்களை முன்னிலும் வெறியாகப் படித்தார். எவ்வளவு பெரிய கொலைகாரனும் அறுபத்து நான்காம் பக்கத்துக்குள் மாட்டிக்கொள்வான் அல்லவா? அந்த நிச்சயம் அவருக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில்கூடக் கிடைக்கவில்லை.

அவர் மனைவி ஜெயபாய்க்கு இந்தப் புத்தகங்களைக் கண்டாலே ஆகாது. அவளே இப்போது தினமும் ஆறரை மணிக்கு மூன்றாம் பக்கத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். நான்காம் பக்கத்தைத் திறந்து, நாலு இட்லியைத் தட்டில் எடுத்து வந்து அருகில் வைத்து, தின்னுட்டுப் போ என்றாள். படத்தில் இருந்தவள் கேட்கவில்லை. ஜெயபாய் சாலையை மாற்றிப் போகச் சொன்னாள், வண்டிச்சாவியைத் துணியால் மறைத்துப் பார்த்தாள், ஜெபித்தாள். பதினெட்டாம் பக்கத்தில் லாரி ஒருநாள்கூடத் தாமதிக்கவில்லை.

ஜூன் மாதம் வேல்சாமி சேதி கேள்விப்பட்டு, பாலித்தீன் உறையில் கடைசித் தாளோடு பஸ் ஏறி வந்தார். ஞானதுரை அதைப் புத்தகத்தில் செருகினார். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் லாரியின் நம்பர் ஒவ்வொரு எழுத்தாகத் தெளிந்தது. அதே நேரத்தில் மூன்றாம் பக்கத்தில் அக்சாவின் பின்னல் அழிந்து, தொப்பி வைத்த டாக்டர் ஒருவன் தலைகாட்டினான். ஓட்டியவன் முகத்தில் நிழல் விலகத் தொடங்கியபோது அக்சாவுக்குக் கண்கள் மட்டுமே மிச்சம். ஜெயபாய் தாளை வெடுக்கென்று உருவினாள். நம்பர் மங்கிப்போக, பின்னல் திரும்பி வந்தது.

"அவன் மூஞ்சியப் பாத்து என்ன செய்யப் போறிய? எம்பிள்ள காலைல எந்திரிச்சு தல சீவட்டும்" என்றாள்.

"அப்ப அவ தெனமும் சாகணுமா?" என்று ஞானதுரை கேட்டார்.

ஜெயபாய் உருவிய தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். மூன்று வருடம் தேடிய லாரிக்காரன் ஒரு தாள் தூரத்தில் இருந்தான். ஞானதுரை அந்தத் தாளை எடுத்து, மடங்காமல் உறையில் போட்டு வேல்சாமியிடம் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் வழியனுப்பினார். திரும்பி வரும்போது வழியில் நின்று வாய்விட்டு அழுதார், பலர் பார்த்தார்கள்.

ஆடி பிறந்து பத்தாம் நாள், நான்காம் பக்கத்தில் தட்டு காலியாக இருந்தது. ஜெயபாய் பக்கத்தில் வைத்திருந்த நிஜத் தட்டும் காலி. அன்றும் பதினெட்டாம் பக்கத்தில் லாரி வந்தது. ஆனாலும் ஜெயபாய் தெருக்குழாயடியில், இன்னைக்கு வயிறாரத் தின்னுட்டுத்தான் போனா என்று எல்லோரிடமும் சொன்னாள். பக்கத்து வீட்டு மாரிசெல்வி என்ன சட்னி என்று கேட்டாள்.

வேல்சாமி புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஜெயபாய் இப்போது ஐந்து இட்லி வைக்கிறாள். அக்சா ஐந்தையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறாள்.