தலைவர் வாசிப்பதில்லை

அடுத்தவர் பாட்டை அச்சு அசலாக வாசிப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டதில்லை; போடப்போவதாகச் சொல்லி யாரையும் பயமுறுத்தியதும் இல்லை. கீபோர்டு வாசித்தவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ட்ரம்ஸ் அடித்தவர் பல் டாக்டர். வாரம் முழுக்க நோயாளிகளிடம் பதமாக நடந்துகொண்டதற்கெல்லாம் வெள்ளிக்கிழமை மாலையில் ட்ரம்ஸ் மேல் பழி தீர்த்துக்கொள்வார். கிட்டார், ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பாடியவர் வங்கியில் கேஷியர் அம்மா. நிஜமான திறமை அந்த அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது என்பதால், மற்ற மூவரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். கண்ணாடிக் கடைக்காரரின் தங்கை புருஷன். மாப்பிள்ளை.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பின்னால் கார் இல்லாத ஒரு கார் ஷெட் இருந்தது. அதில்தான் பயிற்சி. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராமல் இருக்க, சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, அவற்றுக்கு நீல வண்ணமும் அடித்து வைத்திருந்தார். பெயின்ட் கடையில் நிறம் கலக்கிக் கொடுப்பது அவர் வேலை. கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்த ஊருக்கே வந்தார். கடையில் 'இந்த மஞ்சள் சுவரில் வேற மாதிரி தெரியுது' என்று சண்டை பிடிப்பவர்களைத் தவிர ஊரில் அவருக்கு யாரையும் தெரியாது. வெள்ளிக்கிழமை வந்தால் மனுஷர் ஷெட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, நாற்காலி போட்டு, வாசலிலேயே நிற்பார்.

இவ்வளவு நல்லவர் இசையை விட்டுவைத்திருக்கலாம். வைக்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஷேக்கர் வைத்திருந்தார். குலுக்கினால் சத்தம் வரும். அவ்வளவுதான் அதன் வித்தை. பல் டாக்டர் அதைக் கிலுகிலுப்பை என்பார். அந்த வித்தையையும் மாப்பிள்ளை சரியாகச் செய்ததில்லை. தாளம் வந்து சேருமுன்பே அவர் கை போய்ச் சேர்ந்துவிடும். பேருந்து கிளம்புமுன் இறங்கத் தயாராக நிற்பவர்கள் இருப்பார்களே, அந்த ரகம். ஷெட்டுக்குள் ட்ரம்ஸ் இரைச்சலில் அது அமுங்கிப்போகும். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. தவிர, வீட்டு மாப்பிள்ளையிடம் யார் சொல்வது? முறுக்கிக்கொள்கிற மாப்பிள்ளையாக இருந்தாலாவது ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இவரிடம் அந்த முறுக்கு மருந்துக்கும் கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. நிஜ மேடை. ஒவ்வொருவருக்கும் தனி மைக். பேனரில் போட குழுவின் பெயரும் லோகோவும் கேட்டார்கள். அதுவரைக்கும் குழுவுக்குப் பெயரே கிடையாது. 'அந்தக் கேஷியரம்மா பாடுவாங்களே, அவங்க' என்றுதான் ஊரில் சொல்வார்கள். மூன்று ஆண்களுக்கும் இது நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஆனால் தனி மைக் என்ற வார்த்தையைக் கேட்டதும் கண்ணாடிக் கடைக்காரருக்கு மாப்பிள்ளையின் கைதான் ஞாபகம் வந்தது. ஷேக்கருக்கும் ஒரு மைக் வைப்பார்கள். ஆஸ்பத்திரியே எழுந்து உட்கார்ந்து கேட்கும்.

யோசித்தார். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடியைக் காட்டி 'இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?' என்று கேட்டுக் கேட்டே, தனக்குத் தெளிவு கொஞ்சம் அதிகம் என்ற நினைப்பு அவருக்கு உண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தெளிவை வெளியே எடுத்தார்.

"மாப்பிள்ளை, குழுன்னா அதுக்கு ஒரு தலைவர் வேணும். எங்க எல்லாருக்கும் நீங்கதான்னு தோணுது."

மாப்பிள்ளை பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே முட்டை அட்டைதான் இருந்தது.

"நானா, மச்சான்?"

"உங்களை விட்டா யாரு? பேரு, லோகோ ரெண்டும் உங்க பொறுப்பு. கலர் விஷயம் வேற, எங்களுக்கு என்ன தெரியும்?"

"சரி... அப்ப நான் வாசிக்கறது?"

"முதல்ல பேரு முடியட்டும். பேரு முடிஞ்ச அன்னைக்கே நீங்க ஷேக்கரைக் கையில எடுக்கலாம். அதுவரைக்கும் தலைவர் வாசிக்கறதில்லை. எல்லாக் குழுவிலயும் அப்படித்தான்."

எந்தக் குழுவிலும் அப்படி இல்லை. பல் டாக்டர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். மாப்பிள்ளை ஷேக்கரை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து டீ போட உள்ளே போனார். தங்கை மறுநாள் அண்ணனுக்கு போன் செய்து, "அவர் இப்படிச் சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்லண்ணா" என்றாள். அண்ணன் தன் மூளையைத் தானே தட்டிக்கொடுத்தார்.

பெயர் முடிந்தால்தானே ஆபத்து? ஆகவே பெயர் முடியக்கூடாது. கடைசி நேரத்தில் 'இன்னிசைக் குழு' என்று ஏதாவது ஒன்றை எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். மாப்பிள்ளையோ வாராவாரம் பெயரோடு வந்தார். பெயின்ட் நிறம் பார்க்கும் அட்டைகளின் பின்பக்கத்தில் வரைந்த படங்களோடும் வந்தார். மோசமான பெயராக இருந்திருந்தால் தள்ளுவது சுலபம். பாவி மனுஷர் நல்ல பெயர்களாகக் கொண்டுவந்தார்.

'வெள்ளிக்கிழமை' என்றார் ஒரு தடவை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "ஆனா ஞாயித்துக்கிழமை கச்சேரிக்குக் கூப்பிட்டா?"

'முட்டை அட்டை' என்றார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். "ஆனா சைவக்காரங்க வீட்டு விசேஷம் போயிடுமே."

'ஐவர்' என்றார். லோகோவும் இருந்தது: நின்றவாக்கில் ஐந்து கோட்டு மனிதர்கள். கீபோர்டு, கிட்டார், ட்ரம்ஸ், மைக். ஓரத்தில் ஒருவன் கையைத் தூக்கிக் குட்டியாக ஒன்றைக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பிடிச்சிருக்கு," என்றார் கேஷியரம்மா பட்டென்று. மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் இருமினார்கள். ஒரே நேரத்தில் அவர்கள் எதையாவது சரியாகச் செய்தது அன்றுதான்.

"நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "ஆனா யாராவது ஒருத்தர் லீவு போட்டா, பேரு பொய்யாயிடுமே?"

மாப்பிள்ளை அந்தக் காரணத்தை மரியாதையோடு யோசித்துப் பார்த்து, தலையாட்டினார். கேஷியரம்மா மட்டும் மூவரையும் செல்லாத நோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பயிற்சியைக் கண்ணாடிக் கடைக்காரர் தன் போனில் ரெக்கார்டு செய்து எல்லோருக்கும் அனுப்புவார். அவரவர் வீட்டில் அவரவர் வாசித்த இடத்தை மட்டும் கேட்டு, அவரவரே மெச்சிக்கொள்வார்கள். முழுசாக யாரும் கேட்டதில்லை. அடுத்தவர் பாட்டை வாசிக்கிறவர்களுக்கு அடுத்தவர் வாசிப்பைக் கேட்கப் பொறுமை இருப்பதில்லை. "எனக்கும் அனுப்புங்க மச்சான், கேட்டாப் பேரு ஏதாவது தோணும்" என்று மாப்பிள்ளை கேட்டபோது, அதில் என்ன வந்துவிடப்போகிறது என்று அவருக்கும் அனுப்பினார்.

விழா நெருங்கிய நேரத்தில் மாப்பிள்ளை பெயர் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். தங்கையிடமிருந்து போன் வந்தது.

"என்னண்ணா அனுப்பினே அவருக்கு? உங்க ரெக்கார்டிங்கையே திரும்பத் திரும்பக் கேக்கறார். பாட்டு முடிஞ்சப்புறமும் காதுல இருந்து எடுக்க மாட்டேங்கறார். சரியாச் சாப்பிடக்கூட இல்ல."

பாட்டு முடிந்த பிறகு அதில் என்ன இருக்கிறது? கண்ணாடிக் கடைக்காரர் கடையில் வாடிக்கையாளரை உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய் முதல் தடவையாகக் கடைசிவரை கேட்டார். பாட்டு முடிந்தது. ரெக்கார்டிங் முடியவில்லை. நிறுத்த மறந்திருக்கிறார். மாப்பிள்ளை டீ எடுக்கப் போகும் செருப்புச் சத்தம். பிறகு பல் டாக்டர் குரல்: "நல்ல பேரா ஒண்ணு கொண்டுவந்துட்டார்னா என்ன செய்யறது?" பிறகு ரொம்பத் தெளிவான ஒரு குரல்: "கொண்டுவரட்டுமே. நாம தலையாட்டினாத்தானே? நாம ஆட்டாத வரைக்கும் அந்தக் கிலுகிலுப்பையும் ஆடாது." மூன்று பேர் சிரித்தார்கள். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. அதே தெளிவான குரல், "வாங்க தலைவரே!" என்றது.

தன் குரல் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கூசிப்போனார். கடையை அப்படியே விட்டுவிட்டுப் பெயின்ட் கடைக்கு ஓடினார்.

மாப்பிள்ளை ஒரு பச்சையில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். "வாங்க மச்சான், உக்காருங்க," என்றார். எப்போதும்போல அதே மரியாதை. அதுதான் பயமாக இருந்தது.

"மாப்பிள்ளை, அந்த ரெக்கார்டிங்..."

"பேரு முடிஞ்சிடுச்சு மச்சான். பேனரும் அடிக்கக் குடுத்துட்டேன். உங்ககிட்ட எல்லாம் கேக்கணும்தான். ஆனா தலைவருக்கு அந்த அதிகாரம்கூட இல்லன்னா எப்படி?" சிரித்தார். டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "எல்லாரும் ஒத்துக்கிட்ட பேருதான். யாரும் மறுத்துப் பேச முடியாது."

என்ன பெயர் என்று கேட்கவும், மன்னிப்புக் கேட்கவும் வாயைத் திறந்தார் கண்ணாடிக் கடைக்காரர். அதற்குள் ஒருவர் வந்து, நேற்று வாங்கிய மஞ்சள் சுவரில் வேறு மாதிரி தெரிவதாகச் சண்டையை ஆரம்பித்துவிட்டார். அந்த மஞ்சளுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு, மன்னிப்பை விழாவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தார். தெளிவான ஆளுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

விழா அன்று மேடையின் பின்திரையில் பேனர் விரிந்தது. ஆழ்ந்த நீலம், முட்டை அட்டையின் நீலம். நடுவில் பெரிய எழுத்தில்: நல்லாத்தான் இருக்கு.

பல் டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். "இது பேரா?" என்றார் ஏஜென்ட். "நீங்கதானே வாராவாரம் சொன்னீங்க?" என்றார் கேஷியரம்மா.

கண்ணாடிக் கடைக்காரர் எழுத்தைப் பார்க்கவில்லை. கீழே இருந்த லோகோவைப் பார்த்தார். அழகான வேலை. கீபோர்டு, கிட்டார், ட்ரம்ஸ், மைக். நான்கு கோட்டு மனிதர்கள். ஓரத்தில் ஐந்தாமவன் நின்ற இடம் அப்படியே காலியாக விட்டிருந்தது. நால்வரை நடுவுக்கு நகர்த்தவில்லை. ஒரு மனிதன் தன்னையே தன் கையால் அழித்துவிட்டு, அந்த இடத்துக்கு ஒழுங்காக நீலமும் அடித்திருக்கிறான் என்று நினைத்தபோது, ஓடிவிடலாம்போல இருந்தது.

"அடுத்ததாக, நல்லாத்தான் இருக்கு!" என்று அறிவித்தார் ஆஸ்பத்திரி நிர்வாகி. மண்டபமே சிரித்துக் கைதட்டியது. நிகழ்ச்சி தொடங்குமுன்பே ஒரு குழுவை எல்லோருக்கும் பிடித்துப்போனதை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. தலைவர் என்ற முறையில் மாப்பிள்ளை முன்வரிசையில், நடு நாற்காலியில், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். கையில் ஷேக்கர் இல்லை. வெறும் கை. அந்தக் கையைத் தூக்கி உற்சாகமாகத் தாளம் போடத் தொடங்கினார். வழக்கம்போல, தாளத்துக்கு முன்னால்.

முன்வரிசை தட்டினால் பின்வரிசை தட்டும். செவிலியர்கள் தட்டினார்கள், டாக்டர்கள் தட்டினார்கள், வாட்ச்மேன் கதவோரம் நின்று தட்டினார். மண்டபம் முழுக்க ஒரே கையாக, மாப்பிள்ளையின் தாளத்தில் தட்டியது. பல் டாக்டர் முதலில் எதிர்த்து அடித்துப் பார்த்தார். பிறகு துரத்தினார். கேஷியரம்மா ஒரு வரி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டார். மற்ற மூவரும் மூச்சிரைக்க அவர் பின்னால் ஓடினார்கள். பாட்டு, முடியவேண்டிய நேரத்துக்கு முன்பே முடிந்தது. கரகோஷம் கூரையைப் பிய்த்தது.

கண்ணாடிக் கடைக்காரர் மேடையை விட்டு இறங்கி நேராக முன்வரிசைக்குப் போனார். ஜேப்பில் ஷேக்கர் இருந்தது. காலையில் ஷெட்டுக்குப் போய்த் துணியோடு எடுத்து வந்திருந்தார்.

"தப்பு பண்ணிட்டேன் மாப்பிள்ளை. நான் பேசினது ரொம்பக் கேவலம். மேலே வாங்க, உங்களுக்கும் மைக் இருக்கு. அஞ்சாவது ஆளையும் போட்டு லோகோவை மாத்தி அடிச்சுக்கலாம்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். மாப்பிள்ளை ஷேக்கரை வாங்கி, துணியைப் பிரித்து, ஒரு தடவை மெதுவாகக் குலுக்கிப் பார்த்தார். திரும்பவும் துணியில் சுற்றி மச்சான் கையிலேயே கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான்," என்றார். "ஆனா..."

அடுத்த பாட்டுக்குக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டார். மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. மேடையில் பல் டாக்டர் குச்சிகளை நிறுத்திப் பிடித்தபடி, அந்தக் கை எப்போது இறங்கும் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.