கஸ்பார் ஓடுகிறான், சந்து முட்டி போடுகிறது

1

இந்தக் கதை ஒரு தராசில் பிறந்தது. துறைமுகக் குடோனில் மூட்டை நிறுக்கும் தராசு. வேலை இல்லாத ஒரு மத்தியானம் கூலியாட்கள் விளையாட்டாக ஒரு தட்டில் என்னை ஏற்றினார்கள். மறு தட்டில் ஒரு சர்க்கரை மூட்டை. மூட்டை தோற்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'கஸ்பார் மிகவும் பருமனானவன்.' அடித்துவிட்டேன். அவனைப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

இரண்டாவது: 'ராயபுரத்தில் ஒரு சந்து. அதில் எல்லோரும் கஸ்பாருக்குச் சோறு போட்டார்கள்.' பரவாயில்லை.

மூன்றாவது: 'மனைவி ஃப்ளோரன்ஸ் இறந்த அன்று கஸ்பார்' இதை முடிக்க வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

முதலில் 'நான்' என்றுதான் எழுதினேன். அந்த நான் கதை முழுக்க ஒரு தடவைகூட அழவில்லை. படிப்பவர்கள் நம்ப மாட்டார்கள். அதனால் கஸ்பார். அவன் என்னைவிடக் கொஞ்சம் அதிகப் பருமன். எழுத்தில் எடை கூட்டுவது சுலபம்.

2

பருமனுக்குக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாசகர் சோம்பல் என்று நினைத்துக்கொள்வார்.

எங்கள் சந்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வரும். ஒரு நாள் அந்த வீட்டுப் பெண் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். புகை தெரிந்ததும் சோறு நிற்கும். எல்லாச் சாவுக்கும் இது சரியாக நடந்திருக்கிறது. கஸ்பார் வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியவளே இறந்துபோனவள். இந்த நிலைமைக்கு வழக்கத்தில் இடம் இல்லை. ஆகவே சோறு நிற்கவில்லை.

காலையில் ஆப்பம், தேங்காய்ப்பால். மத்தியானம் வஞ்சிரக் குழம்பு. மாலையில் யாராவது சுறாப்புட்டு. எல்லாவற்றுக்கும் தலைமை, எதிர்வீட்டு வியாகுலம்மாள். மீன் ஏலத்தில் அவள் குரல் எழும்பினால் மற்றவர்கள் விலை கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

"போதும்க்கா. வருசம் ஒண்ணாச்சு."

"இன்னா போதும்? உன் வூட்ல அடுப்பு எரியுதா?"

"நானே பத்த வெச்சிக்கறேன்."

"ஆம்பள பத்த வெச்சா அது பீடிக்கு நைனா. துன்னு."

கஸ்பார் தின்றான். (இந்த இடத்தில் அவன் துக்கத்தில் தின்றான் என்று எழுதியிருந்தேன். பொய். தட்டு எதிரில் இருந்தது, தின்றான்.)

3

கஸ்பார் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணுபவன். பி.ஏ. படித்தவன், எண்ணுவதற்கு அது இடைஞ்சலாக இல்லை. எண்ண வேண்டுமென்றால் கப்பலில் ஏற வேண்டும். ஏற, பக்கவாட்டில் தொங்கும் கேங்வே படிகள். எழுபத்தொன்றாம் வருஷம் மழைக்கு முன்னால் ஒரு காலை, கஸ்பார் பாதிப் படியில் நின்றுவிட்டான். அவனைத் தாண்டிப் போக வழி இல்லை. கீழே கூலியாட்கள் வரிசையாக நின்றார்கள். கிரேன் நின்றது. ஒரு பெரிய கப்பல், அவனுக்கு மூச்சு திரும்புவதற்காகக் காத்திருந்தது.

கம்பெனி டாக்டர் ஞானதுரை அவன் மார்பில் குழலை வைத்துக் கேட்டார். வேறு யாருடைய மார்பையோ கேட்பதுபோல முகத்தைச் சுளித்தார்.

"கிறிஸ்மஸ் போகட்டும். அப்புறம் நானே வந்து பாப்பேன். கேங்வேல நிக்காம ஏறணும். இல்லன்னா ரெக்கார்டு ரூம்."

"அதுக்கு என்ன சார் செய்யணும்?"

"ஓடு."

"எங்க சார்?"

"எங்கயாவது ஓடுய்யா. போறதுக்கு எடம் இருந்தா அது நடை."

ரெக்கார்டு ரூமில் வேலை சுலபம், சம்பளம் அதேதான். ஆனால் அங்கே எல்லோருக்கும் கஸ்பாரைத் தெரியும். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டுதான் அவனிடம் பேசுவார்கள். கப்பலில் யாருக்கும் ஃப்ளோரன்ஸைத் தெரியாது. மாலுமிகள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், திட்டினார்கள், சிகரெட் கேட்டார்கள். ஒரு நாளில் எட்டு மணி நேரம் அவன் மனைவியை இழந்தவன் அல்ல; வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு தடியன். அதை இழக்க அவன் தயாராக இல்லை. இந்தக் கதையில் அவனுக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

4

(இங்கே ஃப்ளோரன்ஸ் பேசும் ஒரு பகுதி இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் பேச்சு நன்றாக வந்திருந்தது. அதுதான் காரணம்.

இன்னொரு வரைவில் அவளை உயிரோடு விட்டுப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவளுக்குச் சமையல் வராது. கஸ்பார் ஒல்லியாகவே இருந்தான். கேங்வேயில் ஏறினான், இறங்கினான். அரைப் பக்கத்தில் கதை முடிந்துபோயிற்று. கதை வேண்டுமென்றால் அவள் இறந்தாக வேண்டும். எனக்குக் கதை வேண்டாம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

5

ஓட்டத்துக்கு வருவோம்.

சந்தின் ஒரு முனையில் குடோன் சுவர். மறு முனையில் கிறிஸ்தவக் கோயில். எங்கே போவதானாலும் கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும்.* விடியலில் ஆள் நடமாட்டம் இருக்காது என்று கஸ்பார் காக்கி அரைக்கால் சட்டையும் கான்வாஸ் ஷூவும் மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

[* கடற்கரையில் ஓடலாமே என்று கேட்பவர்கள் எங்கள் கடற்கரையை விடியலில் பார்த்ததில்லை. மணல் முழுக்க ஆண்கள் குந்தியிருப்பார்கள். ஒருவன் ஓடி வந்தால் அத்தனை பேரும் எழுந்து ஓட வேண்டிவரும். மாலையில் ஓடலாமே என்பவர்களுக்கு: ஓடினான். லாரிக்காரர்கள் திருடன் என்று பிடித்து உட்காரவைத்து, என்ன திருடினாய் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றதும் கோபம் வந்துவிட்டது.]

அவன் மறந்தது ஒன்று. எங்கள் பக்கத்தில் விடியலில் ஒருவன் கோயிலை நோக்கி ஓடினால் அதற்கு ஒரே பொருள். வீட்டில் யாரோ சாகக் கிடக்கிறார்கள். சாமியாரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் வந்து எண்ணெய் பூசி, அவஸ்தை என்கிற கடைசி ஆசீர்வாதம் கொடுக்க வேண்டும். அவரோடு போகும் கைமணிச் சத்தம் கேட்ட வீடுகளில் எல்லோரும் வாசலில் முட்டி போட்டு, சாகிறவரின் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும்.

மணி அடிக்கும் கோயில்பிள்ளை வேதமாணிக்கம் கோயில் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சாமி! ஏந்திரிங்க சாமி! கஸ்பாரு ஓடியாறான்!"

வால்டர் சாமியார் அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு எண்ணெய்ச் சிமிழோடு வந்தார். "யாருக்குப்பா? எங்க?"

கஸ்பாரால் பேச முடியவில்லை. முன்னால் கையைக் காட்டினான். நான் இப்படியே போகிறேன் என்று அர்த்தம். சாமியார் அதை வழி என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அவருக்குப் பின்னால் கைமணியோடு வேதமாணிக்கம். பின்னால் மணி கேட்டதும், யாருக்கோ அவஸ்தை போகிறது, வழியை மறிக்கக் கூடாது என்று கஸ்பார் வேகத்தைக் கூட்டினான். அவன் வேகத்தைப் பார்த்து, ஆள் பிழைக்காது போலிருக்கிறது என்று சாமியாரும் கூட்டினார். வழியெல்லாம் கதவுகள் திறந்தன. பெண்கள் முட்டி போட்டார்கள். சிலர் மெழுகுவர்த்தியோடு கூட வந்தார்கள்.

காசிமேட்டு ஐஸ் பாக்டரி வாசலில் கஸ்பார் சரிந்தான்.

"எங்கப்பா ஆளு?" என்றார் சாமியார்.

கஸ்பார் தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். மூச்சு அடைக்கிறது என்றுதான் காட்டினான். சாமியார் சிமிழைத் திறந்தார். நெற்றியில் எண்ணெய் பட்ட பிறகுதான் அவனுக்குக் குரல் வந்தது.

"நான் சாகல சாமி."

"அல்லாரும் அப்டித்தான் சொல்றாங்கோ," என்றார் வேதமாணிக்கம். "கைய நீட்டு."

6

அவஸ்தை வாங்கிப் பிழைத்தவனுக்கு உடம்பு தேற வேண்டும். ஆட்டுக்கால் சூப் வந்தது. முட்டை வந்தது. ஆப்பம் இரு மடங்கானது. கஸ்பார் மறுநாளும் ஓடினான். மறுபடி மணி, மறுபடி முட்டி, மறுபடி சூப். ஓட ஓடப் பருத்தான். மருத்துவ நூல்கள் எதிலும் இதற்கு விளக்கம் இல்லை.

வியாகுலம்மாளிடம் உண்மையைச் சொன்னான்.

"எளைக்கத்தான்க்கா ஓடறேன்."

"எளைக்கவா?" அவள் சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டாள். "அடப்பாவி, இந்த சந்துல நாங்க அல்லாரும் ஓடாமயே எளைச்சிகினு கீறோம். எப்டின்னு எங்களாண்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பமே."

(இந்த வரியை எடுத்துவிட நினைத்தேன். கஸ்பாரின் கதை முழுவதையும் இது ஒரே வீச்சில் வெட்கப்பட வைக்கிறது. ஆனால் அவள் சொன்னாள்.)

7

கோயில் கமிட்டி கூடியது. ஓடுவதைத் தடுக்க வேண்டும் என்றார் வேதமாணிக்கம். தினம் மணி அடித்துக் கை வீங்கிவிட்டது. தடுத்தால் அவன் கப்பல் வேலை போகும் என்றார் சாமியார். கடைசியில், டாக்டர் வந்து பார்க்கும்வரை ஓடலாம், தேறிவிட்டால் அன்றோடு நிறுத்த வேண்டும், தேறாவிட்டால் மறு டெஸ்ட்வரை தொடரலாம் என்று தீர்மானம் ஆயிற்று.

"மணி வேணாம். அவன் ஓடும்போது நீங்களும் முட்டி போடாதீங்க," என்றார் சாமியார்.

"அது முடியாது சாமி," என்றாள் வியாகுலம்மாள். "ஓடறவனப் பாத்தா முட்டி தானா மடங்குது. பயக்கம்."

"சரி, போடுங்க. யாருக்குன்னு ஜெபம் சொல்லுவீங்க? சாகிற ஆள் பேரு ஒண்ணு வேணுமில்ல?"

வியாகுலம்மாள்தான் சொன்னாள்.

"ஃப்ளோரன்ஸ் ஆஸ்பத்திரிலயே பூட்ச்சு. அதுக்குன்னு யாரும் ஓடல. நாங்க யாரும் முட்டி போடல. அது பேரச் சொல்லிக்கிறோம்."

செத்து ஒரு வருஷம் ஆனவளுக்குச் சாகிறவர்களுக்கான ஜெபம் செல்லாது என்று சாமியார் விளக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, சரி என்றார். கஸ்பாரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஓடினான். முதல் வாசலில் அவள் பெயரின் முன்பாதி. அடுத்த வாசலில் பின்பாதி. நடுவில் அவன் காலடிச் சத்தம். ஃப்ளோ. தொப். ரன்ஸ். நான் வேகத்தைக் குறைத்தேன். (அவன். திருத்திப் படிக்கவும்.) மெதுவாக ஓடினால் ஒவ்வொரு வாசலிலும் பெயர் முழுதாகக் கேட்டது. 'நம்ம ஃப்ளோரன்ஸுக்காக' என்றாள் ஒருத்தி. 'சிரிப்புக்காரி ஃப்ளோரன்ஸுக்காக' என்றாள் இன்னொருத்தி. ஜெபத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. அவள் பெயரை அவன் வீட்டில் யாரும் சொல்வதில்லை. கஸ்பாரே சொல்வதில்லை. இப்போது ஒரு சந்து முழுக்க, விடிந்தும் விடியாமலும், சொன்னது.

எதிர்பாராத விளைவு ஒன்று. விடியலில் எல்லோரும் முட்டி போட்டுக்கொண்டிருந்ததால் ஆப்பத்துக்கு நேரம் இல்லை. ஆப்பம் நின்றது. பிறகு முட்டி வலி என்று குழம்பு குறைந்தது. கஸ்பார் இளைத்தான். ஓடியதால் இளைத்தானா, மற்றவர்கள் முட்டி போட்டதால் இளைத்தானா என்று கேட்டால், டாக்டரிடம் முன்னதைத்தான் சொல்ல வேண்டும்.

8

கிறிஸ்மஸ் முடிந்தது. ஒரு ரஷ்யக் கப்பல் நின்றிருந்தது. டாக்டர் ஞானதுரை முன்னால் ஏறி மேல்தளத்தில் நின்றுகொண்டு வா என்றார்.

கஸ்பார் ஏறினான். படி காலுக்குக் கீழே லேசாக இருந்தது. பாதி தாண்டினான். அங்கே நின்றான்.

டாக்டர் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா நின்னுட்ட? மூச்சு வாங்குதா?"

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: 'இல்ல சார்' என்கிறான், மேலே போகிறான். கப்பல் அவனுடையது. ஓட்டம் நின்றுவிடும்; நாளை விடியலில் சந்து தூங்கும். வாசல்களில் யாரும் எந்தப் பெயரையும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு: 'ஆமா சார்' என்கிறான். ரெக்கார்டு ரூம். சாய்ந்த தலைகள், காலையிலிருந்து மாலைவரை. ஆனால் மறு டெஸ்ட்வரை ஓடலாம்.

மூன்று: தேறுகிறான், ஓட்டம் நிற்கிறது, ஆப்பம் திரும்புகிறது, பருக்கிறான், மறுபடி டாக்டர், மறுபடி ஓட்டம். எல்லாம் கிடைத்துவிடுகிறது. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால் நம்பவில்லை.

நான் எழுதுகோலை மூடிவிட்டேன். அவன் இன்னும் படியில்தான் நிற்கிறான். கீழே கூலியாட்கள் சேர்ந்துவிட்டார்கள்; ஒருவன் விசில் அடிக்கிறான். கஸ்பாருக்கு மூச்சு வாங்கவில்லை. அது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். டாக்டருக்கு மட்டும் தெரியாது.

அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டும். கிரேன் ஓடிக்கொண்டிருக்கிறது.