ஐந்து வாய், ஒரு கேக் துண்டு

ஒரே ஒரு கேக் துண்டை ஓர் அணில், ஒரு மைனா, ஒரு காகம், ஒரு வாத்து, நூற்றுப் பதினெட்டு எறும்புகள் ஆகிய அனைவரும் ஒரே விநாடியில் கடித்துக்கொண்டு, கல்யாண வீட்டு குரூப் போட்டோவுக்கு நிற்பதைப் போல என் கேமராவை நேராகப் பார்த்ததை நான் படம் பிடித்திருக்கிறேன். எறும்புகளை எண்ணியவன் நான்தான். அவையும் கேமராவைத்தான் பார்த்தன.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருந்து பழகியவன். முப்பத்து நான்கு வருடம் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நான் சொன்னால் ஊரை ஆட்டிப் படைக்கிறவர்கள்கூடச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சிலையாக நின்றார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் அதே குரலில் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் மூச்சைப் பிடிக்கவில்லை. மனைவி மட்டும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

முதல் மாதம் அவளுக்கு உதவலாம் என்று சமையலறை டப்பாக்களை எல்லாம் உயரவாரியாக அடுக்கி, நம்பர் எழுதி ஒட்டினேன். மூன்று நாள் வீட்டில் உப்பைக் காணவில்லை. நான்காம் நாள், விலங்கு, பறவைகளைப் படம் பிடிக்கிறவர்களின் உயிர்ப்படச் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தை அவளே வாங்கி, அவளே நிரப்பி, என் விரலைப் பிடிக்காத குறையாகக் கையெழுத்து வாங்கினாள். அந்தச் சங்கத்தின் அட்டை இருந்தால்தான் குடிநீர் ஏரியின் வேலிக்குள் காலை ஆறு முதல் பத்து வரை போகலாம். கூட ஒரு விருந்தாளியையும் அழைத்துப் போகலாம். அட்டை இல்லாதவன் வெளியே நின்று கம்பி எண்ண வேண்டியதுதான். அந்த நான்கு மணி நேரம் எனக்குப் பொழுதுபோக்கு, அவளுக்கு விடுதலை. எங்கள் இல்லறம் அந்த அட்டையில்தான் நின்றது.

விலங்குகளும் பறவைகளும் சாப்பிடும்போது எடுக்கும் படம்தான் எங்கள் சங்கத்தின் தனிச்சிறப்பு. அறைக்குள் நுழைந்ததும் சிவப்பு எழுத்தில் முதல் விதி தெரியும்: இரை வைத்து எடுத்த படம் செல்லாது, எடுத்தவர் நீக்கப்படுவார். விதி அப்படி. ஆனால் எங்கள் பத்தொன்பது உறுப்பினர்களின் கால்சட்டைப் பைகளை உதறினால் ஒரு கோழிப்பண்ணைக்கு ஒரு வாரத் தீவனம் தேறும். சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். அவருடைய கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போதும், வாத்துகள் கரையேறி வரிசையில் நிற்கும். இதை அவர் ஆண்டு விழா உரையில் "இயற்கையின் ஒழுக்கம்" என்று உருகிப் பாராட்டினார். நாங்களும் கைதட்டினோம். தட்டிய கைகளிலிருந்து நாலைந்து தானியம் உதிர்ந்தது.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. என் பையில் ஓட்டை. எது போட்டாலும் வாசலிலேயே கொட்டிவிடும். அதனால் என் கேமராவில் இரண்டு வருடமாகச் சாப்பிடாத பறவைகள் மட்டுமே விழுந்தன. ஏதோ உண்ணாவிரதப் பந்தலில் எடுத்த படங்கள் போல இருக்கும்.

இப்போது அத்தான். என் அக்காவின் கணவர். காப்பீட்டு அலுவலகத்தில், இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று துருவிப் பார்க்கிற வேலையில் நாற்பது வருடம் இருந்தவர். வெள்ளத்தில் வீடு போனவரிடம், "தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு, பார்த்தவங்க யாராவது உண்டா?" என்று கேட்டவர். எங்கள் கல்யாணத்தன்று மணமேடைக்குப் பின்னால் என் மனைவியைத் தனியே நிறுத்தி, "இவனையா? யாரும் மிரட்டலையே?" என்று விசாரித்துத் திருப்தி அடைந்த பிறகுதான் பந்தியில் உட்கார்ந்தார்.

அவருக்கு உடம்பில் சர்க்கரை. டாக்டர் இனிப்பை நிறுத்திவிட்டார், அக்கா அதைச் சட்டமாக்கிவிட்டாள். தினமும் அவர் வீடு திரும்பியதும் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்ப்பாள். குடிகாரர்களுக்குக்கூட அந்தச் சோதனை வாரத்தில் ஒரு நாள்தான். அதனால் அத்தான் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு என் விருந்தாளியாக ஏரிக்கு வருவார். வழியில் ஒரு பேக்கரி இருந்தது. திரும்பும்போது இரண்டு கொத்து புதினாவை மென்றுகொண்டே நடப்பார்.

அன்று காலை ஒரு நாரைக்கு முன்னால் நாற்பது நிமிடம் மண்டியிட்டிருந்தேன். அது மீனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு இரண்டிலும் நம்பிக்கை இழந்து கண்ணை மூடிக்கொண்டது. பின்னால் பெஞ்சில் அத்தான், காகிதத்தில் சுற்றிய சாக்லேட் கேக்கை வெளியே எடுத்து ஒரு கடி கடித்தார். ஆனந்தத்தில் கண்ணை மூடினார். மூடியவர் அப்படியே தூங்கிப்போனார். வாய் திறந்திருக்க, கேக் பிடித்த கை முட்டியின்மேல் கிடந்தது.

குறட்டை கேட்டுத் திரும்பினேன். முட்டிமேல் அணில். மணிக்கட்டில் மைனா. பெஞ்சின் முதுகிலிருந்து காகம் எட்டிக் கொத்தியது. கீழேயிருந்து வாத்து ஒன்று கழுத்தை நீட்டி, சங்கத் தலைவரே வராமல் சாப்பாடு வந்த அதிர்ச்சியில் வாயைப் பிளந்து கவ்வியது. சட்டைக் கைவழியாக எறும்பு ஊர்வலம். என் உடம்பில் முப்பத்து நான்கு வருடப் பழக்கம் எழுந்து நின்றது. என்னை அறியாமல், "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. அமுக்கினேன்.

அடுத்த நொடி இறகும் வாலுமாக எல்லாம் பறந்து சிதற, அத்தான் விழித்துக்கொண்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அவர் கையில் வெறும் காகிதம்.

"கேக்கு எங்கடா மாப்ளே?"

"தின்னாச்சு அத்தான்."

"யாரு?"

"அணிலு, மைனா, காக்கா, வாத்து, எறும்பு."

"நீ தின்னுட்டு ஊர்ல இருக்கிற ஜீவன் மேல எல்லாம் பழி போடாதே. முதல்ல உதட்டைத் துடை."

"படம் இருக்கு, பாருங்க."

கேமராவின் முதுகில் தெரிந்த படத்தைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல ஒட்டினது."

"கேமரா இன்னும் என் கழுத்துலதான் தொங்குது. எந்தக் கம்ப்யூட்டர்?"

"அதைத்தான் நானும் கண்டுபிடிக்கப் போறேன்" என்றவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எதுவா இருந்தாலும் உங்க அக்கா காதுக்குப் போகக் கூடாது."

சத்தியம் செய்தேன். அவர் முகம் தெரியாமல் படத்தை வெட்டி, கையும் முட்டியும் மட்டும் இருக்கும்படி ஆண்டுப் போட்டிக்கு அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். படிவத்தின் கடைசியில் "உதவியவர் யாரேனும் இருப்பின்" என்று ஒரு கட்டம் இருந்தது. நல்ல மனசு என்னைச் சும்மா விடவில்லை. ஒரு கேக்கை இழந்த மனிதருக்கு ஒரு மரியாதையாவது செய்வோம் என்று "என் அத்தான்" என்று முத்து முத்தாக எழுதினேன்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. உதவியாளர் கையில் இரையைக் கொடுத்துப் பிடிக்க வைத்து எடுத்த படம் என்று குற்றச்சாட்டு. ஞாயிறு காலை விசாரணை. முழுப் படத்தையும் உதவியாளரையும் கொண்டுவர வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அட்டையை ஒப்படைக்க வேண்டும்.

மனைவி கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றாள், ஏதோ எல்லையைக் காக்கிறவள் போல. பிறகு அக்காவுக்குப் போன் போட்டாள். தம்பிக்கு ஒன்று என்றால் அக்கா வராமல் வேறு யார் வருவார்? ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் சங்க அறையில் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அத்தான் சவரம்கூடச் செய்யாமல் வந்திருந்தார்.

திரையில் முழுப் படம் விழுந்தது. ஆறடி உயரத்தில் அத்தான். பிளந்த வாய், கடைவாயோரம் ஒரு கோடு எச்சில், கையில் கேக்.

"இது என்னங்க?" என்றாள் அக்கா. மெதுவாகத்தான் கேட்டாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இவர் தூங்குற மாதிரி நடிச்சிருக்கார். போட்டோக்காரர் தூண்டி விட்டிருக்கார். கூட்டுச் சதி."

செயலாளர் நல்ல மனிதர், யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று நினைப்பவர். அவர் அத்தான் பக்கம் குனிந்தார். "ஐயா, நீங்க பெரியவர். மச்சான் கேட்டுக்கிட்டாரு, நீங்க கேக்கைப் பிடிச்சீங்க. உங்களுக்கும் அந்தக் கேக்குக்கும் வேற சம்பந்தம் இல்ல. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்களை விட்டுடறோம். அவர் அட்டையை மட்டும் வாங்கிக்கிறோம். ஒருவேளை அது நீங்க தின்ன வாங்கினதுன்னா கதை வேற. மனுஷன் சாப்பாட்டை மிருகம் தானாத் திருடினா அது இரை இல்லை, நாலாவது விதி."

தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தது. அத்தான் அதைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரிந்தது. ஆமாம் என்றால் அக்காவிடம் அவர் உத்தமர், மைத்துனனுக்காகக் கை வலிக்கக் கேக் சுமந்தவர். இல்லை என்றால் பேக்கரி, புதினா எல்லாம் சந்திக்கு வரும். நானாக இருந்தால் ஆமாம் என்று இரண்டு தரம் சொல்லியிருப்பேன்.

என் மனைவி அவரிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "அண்ணே, உங்களை நான் எதுவும் கேட்கல. ஆனா இவரு காலைல வீட்ல இருந்தா, அடுத்து என் பீரோவை அடுக்குவாரு."

அத்தான் எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் போய், எரிந்த கடையைச் சுற்றி வருகிறவரைப் போல அந்தப் படத்தின்முன் இப்படியும் அப்படியும் நடந்தார். தன் எச்சிலையே குனிந்து ஆராய்ந்தார். பிறகு கேக்கின் மேல் ஓரத்தில் விரலை வைத்தார்.

"டாக்டர், இங்க வாங்க. இந்தக் கடி யாரோடது?"

"அணிலா இருக்கும்."

"நாற்பது வருஷம் வாய்க்குள்ளயே இருந்தவர் இப்படிச் சொல்லலாமா? நல்லாப் பாருங்க."

தலைவருக்கு ரோஷம் வந்தது. மூக்கு திரையில் படும்வரை போனார். விசாரணையை மறந்துவிட்டார், தலைவர் என்பதையும் மறந்துவிட்டார். "மனுஷக் கடி. மேல் வரிசை. இடது பக்கம் நாலாவது பல் இல்லை. பிடுங்கினவன் சரியாப் பிடுங்கல."

அத்தான் சபையைப் பார்த்துத் திரும்பி, "ஆ" என்று வாயைத் திறந்து காட்டினார். இடது பக்கம், நாலாவது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அத்தான் வாயால் நான் பிழைத்தேன்.

அக்கா எழுந்துவிட்டாள். "எத்தனை நாளா நடக்குது இது?"

"வீட்ல சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்" என்றார் அத்தான். வாய் இன்னும் பாதி திறந்திருந்தது.

செயலாளர் பேனாவைத் திறந்தார், ஆனால் எழுதவில்லை. "அப்ப கேக்கு உங்களோடது. சரி. ஆனா அணிலு, மைனா, காக்கா, வாத்து, எறும்பு… எல்லாம் ஒரே நேரத்துல வந்து தின்னுச்சுன்னு நீங்களே நம்பறீங்களா? நீங்க தூங்கிட்டு இருந்தீங்களே?"

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். ஆறிப்போன சிராய்ப்புகள் மணிக்கட்டிலிருந்து வரிசையாக ஏறின. சில நகக் கோடுகள், சில அலகுக் குழிகள், முழங்கைப் பக்கம் சிவப்புப் புள்ளிகள்.

"அன்னைக்குச் சாயங்காலமே இதைப் பார்த்துட்டேன்" என்றார். "நாலு நாள் சோப்பு போட்டுக் கழுவிப் பார்த்தேன், போகலை. நடந்தது சார். எழுதிக்கோங்க."