நாலாக மடிந்த கம்பி

காலையில் எழுந்து பார்த்தபோது என் மாடல் பழுதுபார்க்கப்பட்டிருந்தது.

அப்பா ஸ்கூட்டர் மெக்கானிக். திருத்தணியில் வாஹித் பாய் பட்டறை என்றால் தெரியும். பஞ்சருக்கு விட்டுப்போன வண்டியை பிரேக்கும் சரிசெய்துதான் தருவார். சும்மா இருக்கக் கை வராது. நான் பி.எஸ்சி. படிக்கும்போது செய்த டி.என்.ஏ. மாடல், இரண்டு இழை முறுக்கிக்கொண்டு நிற்பது, பட்டறை ஆணியில் இன்னும் தொங்குகிறது. வருகிற ஆட்களுக்கெல்லாம் அதைக் காட்டிவிடுவார்.

2005இல் ஒரு செவ்வாய்க்கிழமை அது. சென்னையில் எனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத் தேர்வு. இடம் கிடைக்காவிட்டால் பொதட்டூர்பேட்டையில் டீச்சர் வேலை என்று என்னைப் பெற்ற அம்மி முடிவுகட்டியிருந்தாள். நான் பேசவிருந்தது ஆர்.என்.ஏ. பற்றி. வழக்கமாக ஒற்றை இழையாக இருப்பது, குவானின் என்ற மூலக்கூறு அடுத்தடுத்து வரும் இடங்களில் தன்மேலேயே மடிந்து நாலு இழையாக நின்றுவிடும். நாலு குவானின் கூடி ஒரு சதுரம், அதன்மேல் இன்னொரு சதுரம். இடையில் பொட்டாசியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். அதைக் காட்டத்தான் ஒரே செம்புக் கம்பியை நாலாக மடித்து, ஸ்வீட் பாக்ஸ் அட்டையில் மூன்று சதுரம் வெட்டிக் கோத்து, இடையிடையே பேரிங் குண்டு வைத்து ஒட்டியிருந்தேன்.

அப்பா கம்பியை நறுக்கி, அழகாக இரண்டு இழையாக முறுக்கி வைத்திருந்தார். குண்டுகளைத் துடைத்துக் கிண்ணத்தில் போட்டிருந்தார்.

"தூக்கக் கலக்கத்துல தப்பா பண்ட்டியோன்னு நெனச்சேன் மெஹ்னாஸு. பட்டறைல கீறது ரெண்டுதானம்மா?"

கோபத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. மலைக்கு வருகிற வண்டிகளால் செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு நல்ல நாள். அன்றைக்குப் பார்த்து அப்பா பூட்டுப்போட்டார். புதுக் கம்பிச் சுருளையும் அட்டைச் சதுரங்களையும் குண்டுகளையும் பசையையும் பையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

அரக்கோணம் வருவதற்குள் கம்பியை மடித்துவிட்டேன். ரயில் ஆடிய ஆட்டத்தில் சதுரங்கள்தான் நிற்கவில்லை. பசை காயும்வரை யாராவது பிடித்தாக வேண்டும். அப்பா இரண்டு கையையும் நீட்டினார்.

"நடுவுல இந்தக் குண்டு எதுக்கு?"

"அது இல்லன்னா நாலும் பிரிஞ்சிடும்ப்பா."

"ஆங்" என்று சொல்லி, பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

மணவூரில் கூடையோடு ஏறிய பூக்காரம்மா நகரச் சொன்னபோது முழங்காலை மட்டும் நகர்த்தினார். திருவள்ளூரில் டீ வாங்கி நான்தான் அவர் வாயில் வைத்தேன். மீசையில் ஒட்டிய நுரையைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. என் கோபம் எந்த ஸ்டேஷனில் இறங்கிப்போனதோ தெரியவில்லை. இந்த மனிதரை விட்டுவிட்டு ஹாஸ்டலில் எப்படி இருப்பேன் என்று அப்போதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது.

தேர்வு அறை வாசலில்தான் மாடலை என் கைக்கு மாற்றினார். உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள். போய் மேஜைமேல் வைத்தேன். நின்றது.

கதவு சாத்துமுன் திரும்பிப் பார்த்தேன். அப்பா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். இடையில் ஒன்றுமே இல்லாமல் அவர் கைகள் இரண்டும் அப்படியே குவிந்திருந்தன.