கறுப்பை வெளுத்த கேமரா

ஐந்து மணிக்குள் அத்தான் ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாய ஆலையை விட்டு வெளியேற வேண்டும். கறுப்புச் சாயத்தைத் திருடி, மிச்சத்தில் தண்ணீர் கலந்து துணியைச் சாம்பலாக்கினார் என்பது குற்றச்சாட்டு. சாட்சி, ஆலையின் புகைப்படக்காரியான நான் எடுத்த படங்கள்.

படத்தைப் பார்த்தே துணி வாங்குகிற கம்பெனி ஆர்டரை ரத்து செய்துவிட்டது. எங்கள் மேனேஜர் எதற்கெடுத்தாலும் 'சட்டுபுட்டுனு முடி' என்பவர், பட்டப்பெயரே சட்டுபுட்டு. மதியம் சாயத்தொட்டிகளுக்கு நடுவே நின்று, அத்தனை பேர் காதிலும் விழும்படி அத்தானைத் திருடன் என்றார். பதினெட்டு வருஷமாகச் சாயத்தில் ஊறி நகக்கண் கறுத்துப்போன மனிதர், என் அக்கா புருஷன். கையைத் துடைத்துக்கொண்டார்.

நான் என் அறைக்கு ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைத் திறந்தேன். கறுப்புத் துணி சாம்பல். அடுத்து எடுத்த வெள்ளைத் துணியும் அதே சாம்பல். தப்பு துணியில் இல்லை, கேமராவில். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

மூன்று வாரத்துக்கு முன்புவரை மேனுவலில், வெளிச்ச அளவை நானே வைத்துத்தான் எடுத்தேன். அறை விளக்குகள் மாறுவதில்லை. காலையில் ஒரு தடவை அந்த அளவை, எக்ஸ்போஷரை, சரியாக வைத்துவிட்டால் சாயங்காலம்வரை தொடவே வேண்டாம். சட்டுபுட்டுவுக்கு அது மண்டையில் ஏறவில்லை. "மேனுவல்னா ஒவ்வொரு துணிக்கும் திருகிட்டே இருக்கணும். ஆட்டோல போட்டுத் தட்டிட்டே போம்மா" என்று, கேமராவே அளவு வைத்துக்கொள்ளும் ஆட்டோவுக்குத் தானே சக்கரத்தைத் திருப்பி, மேலே டேப்பும் ஒட்டினார். இரண்டு வாட்டி சொல்லிப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

கேமராவோடு முதலாளியம்மா அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தேன். சட்டுபுட்டு உட்கார்ந்திருந்தார். அத்தான் நின்றிருந்தார். மேஜைமேல் ராஜினாமாக் காகிதம்.

"மேடம், துணியைப் பார்த்தீங்களா?"

"அதான் படம் இருக்கே."

"படத்தை இல்ல, துணியை. கேமரா தப்பாக் காட்டுது. குடோன் இங்கேருந்து நாற்பது அடி."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் சட்டுபுட்டு. "அத்தானைக் காப்பாத்தக் கேமரா மேல பழியா?"

அவர் நாற்காலி முதுகில் தொங்கிய கறுப்பு கோட்டை உருவி மேஜைமேல் விரித்தேன். படம் முழுக்க அது மட்டும் தெரியும்படி ஆட்டோவில் ஒரு கிளிக். வெள்ளைக் காகிதங்களைப் பரப்பி இன்னொன்று. திரையை முதலாளியம்மா முகத்துக்கு நேரே நீட்டினேன். இரண்டும் சாம்பல்.

"ஆட்டோல கேமராவுக்குக் கறுப்பைக் காட்டினா, வெளிச்சம் பத்தலைன்னு நினைச்சு வெளுத்துக் காட்டும். வெள்ளையைக் காட்டினா, வெளிச்சம் ஜாஸ்தின்னு மங்கடிக்கும். எதிர்ல இருக்கறது என்ன நிறம்னு அதுக்குத் தெரியாது. சார் கோட்டுலயும் எங்க அத்தான்தான் தண்ணி கலந்தாரா?"

டேப்பைப் பிய்த்தெறிந்தேன். மேனுவலுக்கு மாற்றி, அந்த அறை வெளிச்சத்துக்கு அளவு வைத்து, அதே அளவில் இரண்டையும் எடுத்தேன். கோட் கறுப்பாக விழுந்தது, காகிதம் வெள்ளையாக.

முதலாளியம்மா எழுந்து குடோனுக்கு நடந்தார். ஒரு சுருளை வாசல் வெயிலில் விரிக்கச் சொன்னார். கன்னங்கரேலென்று கிடந்தது.

"சரி, நீங்க போய் வேலையைப் பாருங்க," என்றார் அத்தானிடம்.

அத்தான் நகரவில்லை. "தொட்டிகிட்ட வச்சுத் திருடன்னாரு. அங்கேயே வந்து, இல்லைன்னு சொல்லட்டும்."

"எதுக்குய்யா பெரிசு பண்றே?" என்றார் சட்டுபுட்டு.

"நாற்பது அடி நடந்து துணியைப் பார்க்காதது என் தப்பு. நானும் வரேன்," என்றார் முதலாளியம்மா. "வாங்க."

சட்டுபுட்டு தொட்டிக்கு அருகே நின்று முணுமுணுத்தார். "கேக்கல," என்றார் அத்தான். இரண்டாம் தடவை எல்லாருக்கும் கேட்டது.

அத்தான் என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"ஆட்டோ தப்புன்னு உனக்கு மூணு வாரமாத் தெரியுமா?"

"தெரியும் அத்தான். சொன்னேன், அவர் கேக்கல. அப்புறம்... சீக்கிரம் வீட்டுக்குப் போக முடிஞ்சுது. படத்தைத் திரும்பப் பார்க்காமலே அனுப்பிட்டேன்."

"நான் அப்படி ஒரு தொட்டியைப் பார்க்காம விட்டிருந்தா, அந்த ஆள் சொன்னது சரியாப் போயிருக்கும்."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் சட்டுபுட்டுவுக்குப் பங்கு பாதிதான், மீதி எனக்கு. மூன்று வாரத்தில் அறுநூற்றுச் சொச்சம் படங்கள். அறைக்குப் போய், மறுபடி படமெடுக்க முதல் துணியை விரித்தேன்.