கூரை மேல் காய்ந்த விரிப்புகள்

"உன் வாய் என்ன வாடகைக்கு வாங்கினதா? ரெண்டு வார்த்தைக்கு மேல வரவே மாட்டேங்குது?" என்று நர்ஸக்கா ஒரு முறை என்னைக் கேட்டார். அதற்கும் சிரித்து வைத்தேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டபின் அம்மாவோடு இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். இரண்டு அறை, நான்கு கட்டில். அம்மா பெருக்கித் துடைப்பாள். செவ்வாயும் வெள்ளியும் விரிப்பு, போர்வை எல்லாவற்றையும் துவைப்பாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அன்றன்று பார்த்ததை நோட்டில் எழுதுவேன். அது யாருக்கும் தெரியாது.

இங்கே கரண்ட் கம்பி வரவில்லை. கூரை மேல் ஆறு சோலார் பலகைகள், கீழே பேட்டரி. தடுப்பூசி ஃபிரிட்ஜ் அதில்தான் ஓடுகிறது. இரண்டு மாதமாக அது அடிக்கடி நின்றுபோனது. சிவப்பு விளக்கு எரிந்தால் நர்ஸக்கா மருந்துகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

மெக்கானிக் ஒரு திங்கட்கிழமை வந்து கூரையில் ஏறிப் பார்த்தார். பலகைகள் பளிச்சென்று இருந்தன. "பேட்டரிக்கு வயசாயிடுச்சு" என்று எழுதிக்கொண்டு போனார். புது பேட்டரி வரவில்லை. ஃபிரிட்ஜைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரச்சொல்லி உத்தரவுதான் வந்தது.

நேற்று, வெள்ளிக்கிழமை, வண்டியும் தடித்த கயிறுமாக அவரே வந்தார். வாய் ஓயாத மனிதர்.

"இதைத் தூக்கிட்டுப் போயிட்டா, பச்சப்புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஊசிக்கும் அரைநாள் நடப்பாங்களா? பாதிப் பேர் வரவே மாட்டாங்க" என்றார் நர்ஸக்கா.

"நான் என்ன சிஸ்டர் பண்றது? பொண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்புற மாதிரி அழாதீங்க."

"எந்தெந்த நாள் நின்னுச்சுன்னாவது குறிச்சு வச்சிருக்கணும். புத்தி கெட்டவ நான்."

நான் குறித்திருந்தேன். பெட்டிகளுக்குப் பின்னால் நோட்டைப் புரட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது எல்லாமே செவ்வாய், இல்லையென்றால் வெள்ளி. அந்தந்தப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது: 'அம்மா விரிப்புகளைக் கூரையில் காயப்போட்டாள்.' முற்றத்தில் புழுதி, ஆடு என்று இரண்டு மாதமாகத்தான் இப்படி. பலகைகளோ சுத்தம், நல்ல சூடு. அரைமணியில் மொறுமொறுவென்று காய்கிறது என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. ஆறு பலகையிலும் போட்டது காய்ந்தால் அடுத்ததை விரிப்பாள், சாயங்காலம் வரை.

நோட்டை மூடினேன். அம்மாவுக்கு முன்னால் பெருக்கியவளை ஒரு தெர்மாமீட்டர் உடைத்ததற்கே நிறுத்திவிட்டார்கள். இந்த வேலை போனால் எங்கள் அடுப்பு எரியாது.

மெக்கானிக் ஃபிரிட்ஜைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு முதல் முடிச்சை இறுக்கினார். எழுந்துபோய் நோட்டை நர்ஸக்காவிடம் நீட்டினேன்.

படித்தார். என்னைப் பார்த்தார். வெளியே ஓடி ஏணியில் ஏறினார். பின்னாலேயே ஏறிய மெக்கானிக்கின் சிரிப்பு கீழே வரைக்கும் கேட்டது.

"பேட்டரிக்கு வயசாகல சிஸ்டர்! பட்டப்பகல்ல போர்வை போத்தித் தூங்க வச்சிருக்கீங்க!"

விரிப்புகளை உருவியதும் கீழே பேட்டரியின் மீட்டர் முள் விறுவிறுவென்று ஏறியது.

அம்மா ஈரக் கையோடு நின்றாள். "சுத்தமா இருக்கேன்னு போட்டேன் சிஸ்டர். சத்தியமா தெரியாது."

நர்ஸக்கா பதிவேட்டை எடுத்து, 'பலகைகளில் நிழல். நீக்கப்பட்டது' என்று எழுதினார். எதன் நிழல் என்று எழுதவில்லை. "ரெண்டு வாரம் பாத்துட்டுத் தூக்கலாம்னு மேல நான் பேசிக்கிறேன்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்து, "நீ போய் வேலையைப் பாரு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "முதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடி?"

"எனக்கே இப்பத்தாம்மா தெரிஞ்சுது."

"இத்தனை நாளா என்னைப் பத்தியா எழுதிட்டிருந்த?"

அவள் பாதி காய்ந்த விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் வாசலில் நின்றாள்.

மெக்கானிக் ஃபிரிட்ஜின் கயிற்றை அவிழ்த்தார். கொல்லைக்குப் போய், தண்ணீர்த் தொட்டித் தூணுக்கும் மரத்துக்கும் நடுவே, ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் அந்தக் கயிற்றைக் கொடியாகக் கட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அம்மா முதல் விரிப்பை உதறிப் போட்டாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தேன். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அந்த வாயாடி மனிதர், ஒரு வார்த்தை பேசாமல், வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.