மணிகண்டனுக்கு மாற்றாக இரண்டு அரிவாள்

பரளச்சிப் பக்கம் எங்கள் கல்லூரி நடத்திய ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாமுக்கு நான் சேவை செய்யப் போகவில்லை. எனக்கு வருகைப் பதிவு குறைந்திருந்தது. முகாமுக்கு வந்தால் சரிக்கட்டித் தருவதாகச் சொன்னார்கள். அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு பேரத்தை விடுவானா?

நான்காம் நாள் எங்கள் அணிக்குக் கண்மாய்க்குள் வேலை. பழைய மடையைச் சுற்றி மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்ட வேண்டும். அணியில் நான்கு பேர். அணித்தலைவன் நான். பாளையம்பட்டிப் பாத்திரக்கடைக்காரர் மகள் சுகப்பிரியா. திருச்சுழித் தங்கச்செல்வி; அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. நான்காவது, மானாவாரிக் காட்டில் வளர்ந்த மணிகண்டன்.

எங்களுக்குக் கிடைத்த அரிவாள் வாழைப்பழத்தை வெட்டுவதற்கே யோசிக்கும். பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கும் அணியிடம் தீட்டிய அரிவாள் இரண்டு சும்மா கிடந்தன. அவர்களுக்கு ஆள் ஒன்று குறைந்தது. மணிகண்டனைக் கொடுத்து அரிவாள்களை வாங்கினேன்.

"ஏலே ஹரி, என்னைய ஆட்டுக்குட்டி மாதிரி மாத்திவிட்டியே" என்றான் மணிகண்டன்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு அரிவா. உனக்கு நல்ல வெலைதான் வாங்கியிருக்கேன்."

அவன் சிரித்தபடி போய்விட்டான். அன்று காலை முழுக்க என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

மடைக்குப் போக முள்ளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்றுதான். உள்ளே போய் நடுவிலிருந்து வெட்ட ஆரம்பித்தோம். வெட்டிய கொப்புகளை எங்கே போடுவது? காலியாக இருந்த ஒரே இடம் நாங்கள் வந்த பாதை. ஆளுக்கொரு பங்கு என்று நான் முன்பே பிரித்துக்கொடுத்திருந்ததால் அவரவர் பங்கை அவரவர் வெட்டி அதில் எறிந்தோம். அடுத்தவர் எவ்வளவு எறிகிறார் என்று யாரும் பார்க்கவில்லை. சரக்கு இறக்கும்போது கடைவாசலை அடைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்கு மறந்துவிட்டது.

நான்கேகால் மணிக்குத் திரும்பிப் பார்த்தால் பாதை இல்லை. ஆள் உயரத்துக்கு முள் பின்னிக் கிடந்தது. மற்ற மூன்று பக்கமும் வெட்டாத காடு.

"பெரிய யாவாரி" என்றாள் தங்கச்செல்வி. "வெளிய போற வழியையும் வித்துட்டியா?"

சுகப்பிரியா என் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். காரணம் எங்களுக்குத் தெரியும். முதல் நாளே முகாம் பொறுப்பாளர் கஸ்தூரி மேடம் எல்லாருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார். தினம் ஐந்து மணிக்கு மேடத்தின் போனுக்கு சுகப்பிரியாவின் அப்பா தனுஷ்கோடி வீடியோவில் வருவார். மகள் முகம் தெரிய வேண்டும், பக்கத்தில் பையன் எவனும் தெரியக் கூடாது. ஒரு நாள் தப்பினாலும் பைக்கில் வந்து கூட்டிப்போய்விடுவார். முகாமோடு கல்லூரியும் அத்தோடு சரி. அவள் அக்காவுக்கு அப்படித்தான் இரண்டாம் வருஷத்தோடு முடிந்தது.

முள்ளை வெட்டிப் பார்த்தோம். தொங்கும் கொப்பு அரிவாளுக்கு நெளிந்து கொடுத்துவிட்டு முகத்தில் வந்து அடித்தது. தொண்டை வற்றக் கத்தினோம். டீக்குக்கூட நாங்கள் வரவில்லையே என்று தேடிவந்த மணிகண்டன், நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கம்போடு அந்தப் பக்கம் நின்றான். முகமெல்லாம் சுண்ணாம்பு.

"ஓரத்துல இருந்துல்ல உள்ள வெட்டிட்டு வரணும்" என்றான். பிறகு, "வெளிய இருந்து இழுக்க முடியாது, என் பக்கம் பூராம் முள்ளு. வெட்டுன அடித்தூரு ஒங்க பக்கந்தான் இருக்கு. கடேசியாப் போட்டதை மொதல்ல உருவுங்க. மாத்தி இழுத்தா எல்லாம் சேர்ந்து இறுகிரும்."

"எது கடேசியாப் போட்டது?"

"போட்டவுகளுக்குத்தான் தெரியும்."

அப்போதுதான் நாங்கள் மூவரும் முதல்முறையாகச் சேர்ந்து வேலை பார்த்தோம். வளைந்தது என்னுடையது. காய் தொங்கியது தங்கச்செல்வியுடையது. அதற்கு முன்னால் எறிந்தது யார் என்று ஒருவர் கையை ஒருவர் நினைவுபடுத்தி உருவினோம். மணிகண்டன் கவையால் தூக்கிக்கொடுத்தான். ஆனால் உருவியதை வைக்க இடம்? எங்களைச் சுற்றித்தான். ஒவ்வொரு கொப்பும் உள்ளே வர வர எங்கள் இடம் சுருங்கியது. நாலே முக்காலுக்கு ஒரு கட்டில் அகலம்தான் மிச்சம். பாதையில் இன்னும் பாதி முள் கிடந்தது.

"இனி ஆகாது" என்றாள் சுகப்பிரியா. அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மணி, மேடம் போனை வாங்கிட்டு வா" என்றேன். "கம்பு எட்டும்."

ஓடினான். ஐந்து மணிக்குத் திரும்பிவந்து போனைத் துண்டில் முடிந்து கவையில் மாட்டி முள்ளுக்கு மேலே நீட்டும்போதே அது அந்தரத்தில் ஒலித்தது. சுகப்பிரியா எட்டிப் பறித்தாள். நான் போனுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"எங்கம்மா நிக்கிற? மேடம் எங்க?"

"வேலை செய்யிற எடத்துலப்பா. மேடம் ஸ்கூல்ல."

"சுத்திக் காமி."

ஒதுங்க இடமே இல்லை. நான் குவியலோடு ஒட்டி உட்கார்ந்தேன். தங்கச்செல்வி ஒரு கொப்பைத் தூக்கி என் மேல் சாத்தினாள். முதுகில் பத்து, தோளில் நாலு, காதில் ஒன்று. போன் மெதுவாக என்னைக் கடந்து போனது. நான் மூச்சுவிடவில்லை. பேரத்தில் எதையும் வாங்காமல் நான் கொடுத்தது அன்றைக்குத்தான்.

அவர் அதோடு விட்டாரா? என்ன சாப்பாடு, சாம்பாரில் என்ன காய், ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று விசாரித்தார். என் காதில் இருந்த முள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

கடைசியில் திருப்தியாகச் சொன்னார்: "நாலு பக்கமும் முள்ளுவேலி போட்டுப் பத்திரமாத்தான் வச்சிருக்காக. மேடம் சொன்னப்ப நான் நம்பலை, இப்பக் கண்ணால பாத்துட்டேன். இருந்துட்டே வாம்மா."

போன் அணைந்தது. தங்கச்செல்வி சிரிக்க வாயெடுத்து, சுகப்பிரியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அவுகளுக்கு நிம்மதி" என்றாள் சுகப்பிரியா. போனைத் துண்டில் முடிந்து கவையில் மாட்டினாள். பிறகு குனிந்து, என் மேல் கிடந்த கொப்பின் அடித்தூரைப் பிடித்தாள்.

"கடேசியாப் போட்டது இதுதான? மொதல்ல இதை எடுப்போம். அசையாத ஹரி."